கோழிகளின் மேல் விழுந்த பழி

முதலில் வந்தது வாந்தி. இருமல் வர அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆனது. அதனால் என் நோயின் முதல் வாரம் வயிற்று மருந்துகளில் கழிந்தது. நாமக்கல்லில் ஒரு கிளினிக், இரண்டு ஊசி, உப்புச்சர்க்கரைக் கரைசல், மோர்ச் சாதம். பத்தாம் நாள் காய்ச்சல் நூற்றிரண்டைத் தாண்டியது. பதினோராம் நாள் மாடி ஏறும்போது, பதினேழு படிகளில் ஒன்பதாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா கீழிருந்து பார்த்தார்.

"என்ன சாமி, படியில குந்திக்கிட்ட?"

பதில் சொல்ல என்னிடம் காற்று இல்லை.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. மென்பொருள் சோதனைப் பொறியாளர். ஒரு செயலி எந்தெந்தச் சூழ்நிலைகளில் பழுதாகும் என்று ஒன்றுவிடாமல் பட்டியல் போடுவதுதான் என் தொழில். இதை இங்கே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையை ஒட்டிய தோட்டத்துக்குள் இருக்கிறது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்பாவின் முட்டைக்கோழிப் பண்ணை. இரண்டு கொட்டகைகள், பன்னிரண்டாயிரம் கோழிகள். எங்கள் பக்கத்தில் இது பெரிய பண்ணை இல்லை. ஆனால் அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் சிகரெட் பிடிக்கத் தொடங்கினேன். நாளுக்கு இரண்டு, பிறகு ஐந்து, பிறகு ஒன்பது. பெண் சிகரெட் பிடிப்பதைப் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம். நுரையீரலுக்கு அந்தக் கருத்து தெரியாது.

பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அலுவலகம் சொன்னது. எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஊருக்கு வந்துவிட்டேன். ஊரில் சிகரெட்டால் மூன்று சிக்கல்கள்: விரலில் வாசம், முடியில் வாசம், மிச்சத் துண்டை எங்கே போடுவது. மூன்றுக்கும் ஒரே தீர்வாக வந்தது வேப் (திரவத்தைப் பேட்டரியால் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்). கூட வேலை பார்த்த ஒருத்தி கைப்பேசி சார்ஜர் பெட்டிக்குள் வைத்துக் கூரியரில் அனுப்பினாள். நம் நாட்டில் அதை விற்கத் தடை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கூடவே வந்த திரவப் புட்டியில் ஒரு மாம்பழப் படம் மட்டும் இருந்தது. தயாரித்தவர் பெயரும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இல்லை. இப்படி ஒரு கோப்பு வேலையில் வந்திருந்தால் திறக்காமலே திருப்பி அனுப்பியிருப்பேன்.

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று உண்மையாகவே நம்பினேன். கைப்பேசியில் நாள் கணக்கு வைத்திருந்தேன். முதல் வாந்தி வந்தது இருநூற்றுப் பதினான்காம் நாள்.

வேப் இழுக்க நான் தேர்ந்தெடுத்த இடம் முட்டை ரூம். கொட்டகைக்குப் பின்னால், முட்டை அட்டைகளை அடுக்கிவைக்கும் அறை. பகல் பதினொன்றுக்கு மேல் அங்கே யாரும் வரமாட்டார்கள். கோழி எச்சத்தின் நெடி எந்த மாம்பழ வாசத்தையும் விழுங்கிவிடும். ஒரு நாளுக்கு மூன்று நான்கு முறை, "பண்ணைக்குப் போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். படித்த மகளுக்குப் பண்ணைமேல் அக்கறை வந்துவிட்டது என்று அப்பா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். விரலில் மாட்டிய கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எண்பத்தாறு என்று காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். மூக்கில் குழாய் வைத்த பிறகு ஒரு பயிற்சி மருத்துவர் கோப்புடன் வந்தார். நான் கட்டிலில் கண்விழித்துப் படுத்திருந்தேன். அவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்ல யாராச்சும் பீடி, சிகரெட்?"

"நான் குடிச்சேனுங்க. இவ பொறந்தப்ப வுட்டது. இருவத்தேழு வருசமாச்சு."

"வெறகு அடுப்பா?"

"கேஸுங்க."

"பறவை எதுவும் வளக்கறீங்களா? புறா, கிளி?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோழிங்க. பன்னண்டாயிரம்."

பேனா ஒரு கணம் நின்றது. அப்பாவே மேற்கொண்டு சொன்னார். "நானும் பாத்துட்டேதானுங்க இருக்கறேன். பண்ணைக்குள்ள போய்ட்டு வந்தாத்தான் இவளுக்கு இருமலே. கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சுங்க."

பயிற்சி மருத்துவர் வேகமாக எழுதினார். நோயாளியின் பழக்கங்கள் என்ற கட்டத்தில் என்னை நிமிர்ந்து பார்க்காமலே 'இல்லை' என்று போட்டார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

பெரிய மருத்துவர் ஐம்பது வயதைக் கடந்த பெண். சிடி ஸ்கேன் படத்தில் இரண்டு நுரையீரலும் மூச்சு ஊதிய கண்ணாடிபோல வெளுத்திருந்தன. ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் (தொடர்ந்து உள்ளே போகும் ஏதோ ஒரு தூசியை எதிரியாக நினைத்து நுரையீரல் வீங்கிவிடுவது) என்றார். பறவை வளர்ப்பவர்களுக்கு வருவதுண்டு. அவர் பார்த்த பண்ணைக்காரர்களில் சிலருக்கும் இருந்தது. எல்லாம் பொருந்தியது.

"படிச்ச பொண்ணுதான? ஒரு வாரத்துல உன் மூக்குக்குள்ள என்னென்ன போகுதோ எல்லாத்தையும் எழுதிக் குடு. ஒண்ணையும் விடாத."

அன்று மாலை, கையில் ஊசிக் குழாயோடு, கைப்பேசியில் இருபத்துமூன்று வரிகள் எழுதினேன். கோழி இறகுத் தூசி. உலர்ந்த எச்சத் தூசி. மக்காச்சோளம் அரைக்கும் தூசி. கருவாட்டுத் தூள். கிளிஞ்சல் சுண்ணாம்பு. கொட்டகைக்கு அடிக்கும் கிருமிநாசினி. ஊதுபத்தி. கொசுவத்தி. சாலைப் புழுதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளுக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு அருகில் என்றும் போட்டேன். பதினெட்டாவது வரி முகப் பவுடர். அதைக்கூட விடவில்லை.

மறுநாள் அவர் அதைப் பயிற்சி மருத்துவர்களிடம் காட்டினார். "பேஷண்ட் ஹிஸ்டரின்னா இப்படி இருக்கணும்" என்றார்.

பதினொரு நாள் இருந்தேன். ஸ்டீராய்டு (உள்வீக்கத்தை அடக்கும் மருந்து) கொடுத்தார்கள். வேப் கருவி வீட்டில், என் துணி அலமாரியில், ஒரு காலுறைக்குள் இருந்தது. பதினொரு நாளும் ஒரு இழுப்புகூட இல்லை. ஆக்சிஜன் தொண்ணூற்றாறுக்கு ஏறியது.

"பாத்தீங்களா? பண்ணையை விட்டு வெளிய வந்ததும் தெளிஞ்சிட்டா" என்றார் மருத்துவர்.

"கோழிய எடுத்துட்டா முழுசாச் சரியாயிருமுங்களா?"

"கோழி இருக்கறவரைக்கும் சரியாகாது."

அப்பா தலையாட்டினார். அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

கோழிகளை ஏற்ற இரண்டு நாள் ஆனது. முட்டை ஏறிவரும் பருவம் அது. அந்த வயதில் யாரும் கறிக்குப் போடமாட்டார்கள். தூசி படாமல் இருக்க என்னை முன்னறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்களைப் பிடித்துத் தலைகீழாகக் கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்து லாரிக் கூண்டுக்குள் தள்ளினார்கள்.

கறிக்கோழி வியாபாரி அப்பாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஏனுங்கண்ணா, முட்டை உடற கோழிய எதுக்குங்க கறிக்குத் தள்றீங்க?"

"புள்ளைக்கு ஒத்துக்கலீங்க."

"எங்கூட்லயெல்லாம் கோழி ஒத்துக்கலீன்னா, புள்ளையத்தானுங்க கட்டிக்குடுத்து அனுப்புவோம்!"

ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த சந்தர்ப்பங்களைப் பிறகு எண்ணிப் பார்த்தேன். பயிற்சி மருத்துவர் எழுதியபோது. பட்டியலின் கடைசி வரியில். அப்பா 'முழுசாச் சரியாயிருமுங்களா' என்று கேட்டபோது. வீட்டுக்கு வரும் வழியில், மல்லூர் தாண்டியதும் காரை நிறுத்தி அவர் இளநீர் வாங்கிக் கொடுத்தபோது. லாரி வாசலில் திரும்பியபோது. முதல் நான்கு முறையும் என்னைத் தடுத்தது பயம்: திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வரன் வருவதாக இருந்தது, அம்மா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். ஐந்தாவது முறை அந்தப் பயம்கூட இல்லை. பாதிக் கோழி போய்விட்டதே, இனிச் சொல்லி என்ன என்று தோன்றியது. இதைவிட மோசமான ஒரு யோசனை என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை. ஆனால் அப்போது அது நியாயமாகவே பட்டது.

இரண்டாம் நாள், கடைசி லாரி ஏற்றிக்கொண்டிருக்கும்போது, காலுறையிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் இருமல் திரும்பியது.

மருத்துவர் யோசித்தார். கோழி போனாலும் தூசி மாதக்கணக்கில் தங்கும் என்றார். அது உண்மைதான். அதனால் அப்பா கொட்டகைகளைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார். அம்மா வீட்டுச் சுவர்களை ஈரத்துணியால் துடைத்தார். என் பஞ்சு மெத்தையைத் தோட்டத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். அப்படியும் இருமல் ஏறியது. அடுத்த தோட்டத்தில் ஏழெட்டு நாட்டுக்கோழிகள் மேய்ந்தன. அவற்றை அடைத்துவைக்கச் சொல்லிக் கேட்க அம்மா போனார். அந்த வீட்டு அக்கா வேலியோரம் நின்று உரக்கச் சொன்னது எங்கள் குளியலறைவரை கேட்டது.

"உங்கூட்டுப் புள்ள மூச்சு உடறதுக்கு ஊரே கோழிய வுட்டுப்போடோணுமாக்கும்? நாளைக்கு மனுசன் ஆகலீம்பீங்க, நாங்க ஊரைக் காலி பண்றதா?"

அம்மா திரும்பி வந்து, "அவ பேச்சே அப்படித்தான் கண்ணு, நீ மனசுல வெச்சுக்காத" என்றார். நான் வாய் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நீங்கள் இதேபோன்ற ஒன்றை மறைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஒன்று சொல்கிறேன். நான் கெட்டவள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நிக்கோட்டின் (புகையிலையிலும் பெரும்பாலான வேப் திரவங்களிலும் இருக்கும், அடிமைப்படுத்தும் பொருள்) உள்ளே போன அடுத்த நிமிடம் எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் என்றுதான் தோன்றும். அந்தச் சமாதானத்தை நம்பாதீர்கள். அதைச் சொல்வது நீங்கள் அல்ல.

இரண்டாவது முறை ஆம்புலன்ஸில் போனேன். நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவு. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிய முகக்கவசம் காற்றை உள்ளே தள்ளியது. ஓரளவு நிலைப்பட்டதும் பிராங்கோஸ்கோபி (மெல்லிய குழாயை மூச்சுப்பாதை வழியாக நுரையீரலுக்குள் இறக்கிப் பார்ப்பது) செய்தார்கள். உப்புநீரை விட்டுக் கழுவி, அந்த நீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து மருத்துவர் தனியாக வந்தார். அம்மாவைக் கஞ்சி வாங்கிவரச் சொல்லி அனுப்பினார். கையில் என் பட்டியல். அச்செடுத்து வைத்திருந்தார்.

"இந்த இருபத்துமூணுல எதும்மா எண்ணெய்?"

நான் தாளைப் பார்த்தேன்.

"கழுவின தண்ணியில இருக்கற செல்லு முழுக்கக் கொழுப்பு. கோழித் தூசிக்கு இப்படி வராது. வேப்பா?"

தலையசைத்தேன்.

"எத்தனை மாசம்?"

ஒன்பது விரல்களைக் காட்டினேன்.

"இப்ப அட்மிட் ஆன அன்னைக்கு வரைக்கும்?"

தலையசைத்தேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இந்தப் பட்டியலை நான் கிளாஸ்ல காட்டிட்டிருக்கேன்" என்றார். அதற்குத் திட்டே பரவாயில்லை.

பிறகு சொன்னார். "முதல் நாளே உன்னத் தனியா வெச்சுக் கேட்டிருக்கணும். பொண்ணுன்னு கேக்காம விட்டோம். அது எங்க தப்பு. நீ சொல்லாதது உன் தப்பு. ரெண்டுக்கும் சேத்து அவஸ்தைப்பட்டது வெளிய நிக்கற மனுசன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். அது உன் விஷயம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. கொட்டகையில இருக்கற கூண்டையெல்லாம் பழைய இரும்புக்குப் போடறாராம். தூசி அதுலதான் ஒட்டியிருக்கும்னு யாரோ சொன்னாங்களாம். நாளைக்கு வண்டி வருது."

கோழிகள் போனால் குஞ்சு வாங்கி வளர்க்கலாம். கூண்டும் போனால் அப்பாவால் மறுபடி பண்ணை போட முடியாது. ஐம்பத்தெட்டு வயது அவருக்கு.

முகக்கவசத்தை எடுத்தால் எனக்கு ஒரு மூச்சில் மூன்று சொற்கள் வந்தன, நல்ல மூச்சாக இருந்தால் நான்கு. சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதி, வெட்டி, மறுபடி எழுதினேன். 'மன்னித்துவிடுங்கள்' நீளமான சொல். அதற்கு மூச்சு போதாது என்று விட்டுவிட்டேன். உண்மையில் அதற்கு மட்டும் மூச்சு இல்லாமல் போயிருக்காது.

அப்பா உள்ளே வந்தார். கவசத்தை விலக்கினேன்.

"கூண்ட விக்காதீங்கப்பா."

"நீ பேசாத சாமி. கவசத்தப் போடு."

"கோழியால வரலீங்க."

"அதெல்லாம் டாக்டரம்மா பாத்துக்குவாங்க."

"நான் சிகரெட் குடிச்சேன்." மூச்சு. "அப்புறம் வேப்புனு." மூச்சு. "முட்டை ரூம்ல வெச்சு."

கருவி கத்தத் தொடங்கியது. திரையில் எண்பத்துமூன்று. அப்பா கவசத்தை எடுத்து என் முகத்தில் வைத்தார். காதுக்குப் பின்னால் பட்டையை முடி சிக்காமல் பொறுமையாக மாட்டினார். அதன்பிறகுதான் கேட்டார்.

"அன்னைக்கு லாரியில ஏத்தறப்ப, நீ சன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான இருந்த?"

தலையசைத்தேன்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ அழுவறன்னு நெனச்சேன். கோழி போகுதேன்னு அழுவறன்னு."

வெளியே போய் போனை எடுத்தார். "அந்தக் கூண்டு இருக்கட்டுங்க. வண்டி வேண்டாமுங்க. இல்லீங்க, காரணமெல்லாம் ஒண்ணுமில்லீங்க." என்னைப் பற்றி அந்த ஆளிடம் அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த மருத்துவமனையில் நான் இருந்த பத்தொன்பது நாளில் என்னிடமும் அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை.

அம்மாவிடம் நானே சொன்னேன், வார்டுக்கு மாற்றிய அன்று. அறைந்தார். செவிலியர் ஓடி வந்தார். அவரை விலக்கிவிட்டு, அதே கையால் எனக்குக் கஞ்சி ஊட்டினார். திருச்செங்கோட்டு வரனுக்கு, 'புள்ளைக்கு ஆஸ்துமா' என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் மறுபேச்சு பேசவில்லை.

உங்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை எழுதிவைக்கிறேன். மருத்துவர் கேட்கும்போது வீட்டாரை வெளியே போகச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் கழிப்பறைக்குப் போகும் வழியில் செவிலியரிடம் சொல்லுங்கள், தாளில் எழுதிக் கொடுங்கள். கருவியையும் புட்டியையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போங்கள். சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியிருந்தால், 'விட்டுவிட்டேன்' என்று சொல்லாதீர்கள். 'மாறியிருக்கிறேன்' என்று சொல்லுங்கள். நிறுத்துவதற்கு மாத்திரையும் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும் உண்டு, மருத்துவரின் மேற்பார்வையில். எனக்கு மூன்று மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் நான் யாரோடும் வாழத் தகுதியற்றவளாக இருந்தேன்.

நுரையீரல் பாதி தெளிந்தது. மீதியில் ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பாகி விறைத்துப்போவது) விழுந்துவிட்டது. அது திரும்பாது. கடைசிப் பரிசோதனைக்கு அப்பாவும் வந்திருந்தார். அதற்குள் ஒரு கொட்டகையில் புதுக் குஞ்சுகள் இறக்கியிருந்தார்.

மருத்துவர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொன்னார். "இறகு, எச்சம், தீவனத் தூசி எதுவும் இனி இந்த நுரையீரல் தாங்காது. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இன்னைக்குச் சொல்றது நிஜம்."

"கோழியா புள்ளையான்னு மறுக்காவுங் கேக்கறீங்களா?"

"இந்தத் தடவை கோழி இருக்கட்டும். இவ அங்க இருக்க வேண்டாம்."

"அப்பச் செரிங்க" என்றார் அப்பா. யோசிக்கவே இல்லை.

நானும் அம்மாவும் இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு தரைத்தள வீட்டில் இருக்கிறோம். அப்பா தோட்டத்தில் தனியாக இருக்கிறார், தானே சமைத்துக்கொள்கிறார். ஞாயிறுதோறும் முட்டையும் காயும் கொண்டுவந்து, சட்டையில் தூசி இருக்கும் என்று வாசல் கேட்டிலேயே அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான் சன்னலிலிருந்து கையசைப்பேன். சில வாரங்களில் அவரும் கையசைப்பார்.

என் உடம்புக்கு இப்போது வேறு அளவுகள். நின்றுகொண்டே தலை வார முடியாது. பிரதோஷக் கூட்டத்தில் நிற்க முடியாது. குனிந்து செருப்பு மாட்டினால் நிமிர்ந்த பிறகு பத்து எண்ண வேண்டும். பால் பொங்குவதற்கும் நான் அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று தெரியும். பெரும்பாலும் பால்தான் முந்துகிறது. சிரிப்பதற்கு முன் யோசிக்கிறேன். அவசரம் என்ற சொல்லுக்கு இந்த உடம்பில் இடமில்லை.

காலையில் தீவனம் போட்டு முடித்ததும் அப்பா போன் செய்வார். தினமும் மூன்று கேள்விகள். சாப்பிட்டியா. மாத்தர போட்டியா. வேற ஒண்ணுமில்லியே.

முதல் இரண்டுக்கும் பதில் சொல்வதற்குள் என் மூச்சு தீர்ந்துவிடும். மறுபடி இழுத்து நிரப்ப நான்கு விநாடி வேண்டும். மூன்றாவது கேள்வி வரும்போது நான் அந்த நான்கு விநாடிக்குள் இருப்பேன். மறுமுனையில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். நான் மூச்சு இழுத்துக்கொண்டிருப்பேன். எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று நான் யோசிப்பதாக அவர் எடுத்துக்கொள்வார்.

"இல்லீங்கப்பா" என்று நான் சொல்லும்போது அவர் போனை வைத்துவிட்டிருப்பார்.